கிஃப்டட் பிள்ளை, என்ரிச்மென்ட் வகுப்பு: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களில் ‘கிஃப்டட் என்ரிச்மென்ட் புரோகிராம்’ என்ற தொடர் அடிக்கடி தென்படும். வழக்கத்தைவிடக் கூடுதல் திறமை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி செய்துதரும் தனி ஏற்பாடு அது. அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர் இதை மொழிபெயர்க்க மெனக்கெடுவதில்லை. ‘பையனுக்கு கிஃப்டட் கிடைச்சுதா?’ என்று கேட்டுக்கொள்வார்கள். கலிஃபோர்னியாவில் அதுவே ‘கேட்’ (கிஃப்டட் அண்ட் டேலன்டட் எஜுகேஷன்), வெர்ஜினியாவின் ஃபேர்ஃபாக்ஸில் ‘ஏஏபி’ (அட்வான்ஸ்ட் அகாடமிக் புரோகிராம்ஸ்). பேச்சுக்கு அது போதும். எழுத உட்காரும்போதுதான் ‘பொதுப் பள்ளி மாவட்டத்தில் பரிசளிக்கப்பட்ட மாணவர்களுக்கான செறிவூட்டல் திட்டம்’ என்பது போன்ற விபரீதங்கள் பிறக்கின்றன. படிக்கிறவர் ஏதோ மாவட்ட அளவிலான பரிசளிப்பு விழா என்று நினைத்துக்கொள்வார்.

முதலில் ‘பப்ளிக் ஸ்கூல்’, ‘டிஸ்ட்ரிக்ட்’ என்ற எளிய இரண்டை முடித்துவிடலாம். நம் ஊரில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று பெயர்ப்பலகை இருந்தால் அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. இங்கிலாந்தின் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு: வரிப்பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளிதான் பப்ளிக் ஸ்கூல். ஆகவே ‘அரசுப் பள்ளி’ என்றே எழுதலாம். ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பதும் ஆட்சியர் இருக்கும் மாவட்டம் அல்ல. பள்ளிகளை நடத்துவதற்கென்றே அமைந்த உள்ளாட்சி அது; பெரும்பாலான இடங்களில் அதற்குத் தேர்தலில் தேர்வான வாரியம் உண்டு, சொத்து வரியிலிருந்து வருமானமும் உண்டு. நாடு முழுக்க இப்படிச் சுமார் 13,000 இருக்கின்றன. தமிழ்நாட்டின் ‘கல்வி மாவட்டம்’ கல்வித்துறையின் நிர்வாகப் பிரிவு மட்டுமே என்பதால் அந்தப் பெயரை இதற்கு வைத்தால் குழப்பம் வரும். ‘பள்ளி மாவட்டம்’ என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி ‘கிஃப்டட்’. பழைய ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்பது மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருள். நம்மூர்ப் பரிசம்தான். பன்மையில் அதற்குத் திருமணம் என்றே பொருள். இன்றைய ஜெர்மன் மொழியில் அதே சொல்லுக்கு நஞ்சு என்று அர்த்தம், அது வேறு கதை. கொடுக்கப்பட்ட எதுவும் ‘கிஃப்ட்’ என்றான பிறகு, கடவுளோ இயற்கையோ கொடுத்த திறமை உடையவரை ‘கிஃப்டட்’ என்று சொல்லும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டில் வந்தது. கூடவே வரும் ‘டேலன்ட்’டும் இப்படித்தான். கிரேக்கத்தில் அது ஒரு எடை, பிறகு அந்த எடைப் பணம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் எஜமான் ஊழியர்களிடம் ஒப்படைத்த பணத்தைப் பற்றிய உவமையிலிருந்து திறமை என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. தமிழ் பைபிளில் அந்தப் பணம் ‘தாலந்து’. தேவாலயங்களில் இன்றும் ‘தாலந்துப் போட்டி’ நடக்கிறது. ஆங்கிலத்திலும் தமிழிலும் அந்தச் சொல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

‘கருவிலே திருவுடையவர்’ என்று நம்மிடமும் ஒரு தொடர் இருக்கிறது. ‘கிஃப்டட்’ என்ற சொல்லின் உணர்வுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. ஆனாலும் கல்வித் திட்டத்தின் பெயராக இதையோ ‘வரம் பெற்றோர்’ என்பதையோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன். திறமை பிறப்பிலேயே வருவது என்ற எண்ணம்தான் இந்தத் துறையைத் தொடக்கத்திலேயே வழிதவறச் செய்தது. 1869இல் பிரான்சிஸ் கால்டன், மேதைமை பரம்பரைச் சொத்து என்று புத்தகமே எழுதினார். 1916இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லூயிஸ் டெர்மன், பிரான்சில் உருவான பினே நுண்ணறிவுத் தேர்வை அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டார். 1921இல் தொடங்கி, உயர்ந்த நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) பெற்ற சுமார் 1,500 கலிஃபோர்னியப் பிள்ளைகளைத் திரட்டி, வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஆய்வை நடத்தினார். அதில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரஸும். பின்னாளில் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

சட்டத்தின் மொழி இதைவிட நிதானமானது. 1972இல் கல்வி ஆணையர் சிட்னி மார்லண்ட் நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கை, படிப்பறிவோடு நில்லாமல் படைப்பாற்றல், தலைமைப் பண்பு, கலை ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தது. அந்த அறிக்கையைப் போலவே இன்றைய கூட்டாட்சிச் சட்டமும் இன்னும் ஒரு நிபந்தனை வைக்கிறது: பள்ளி வழக்கமாகத் தராத ஏற்பாடுகள் தேவைப்படும் பிள்ளையாக இருக்க வேண்டும். அதாவது, பிள்ளை எப்படிப்பட்டவர் என்பதோடு பள்ளி என்ன தரவேண்டும் என்பதும் அந்த வரையறைக்குள் அடக்கம். ஆனால் இப்படி ஒரு திட்டத்தை நடத்தியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாநிலத்துக்கு மாநிலம், பள்ளி மாவட்டத்துக்குப் பள்ளி மாவட்டம் அளவுகோல் மாறும். வீடு மாறினால் பிள்ளையின் ‘கிஃப்டட்’ பட்டமும் போய்விடலாம்.

அளவுகோல் மாறாவிட்டாலும், பிள்ளைகளை எப்படித் தேடுகிறார்கள் என்பதைப் பொறுத்தும் பட்டம் கைமாறும். இதற்கு ஃபுளோரிடாவின் பிரவர்ட் பள்ளி மாவட்டத்தைவிட நல்ல சாட்சி இல்லை. நாட்டின் மிகப் பெரிய பள்ளி மாவட்டங்களில் அது ஒன்று. 2005 வரை அங்கே ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் பிள்ளைக்குத் தேர்வு நடக்கும். விவரம் தெரிந்த, வசதியுள்ள பெற்றோர் தனியார் உளவியலாளரிடம் பணம் கட்டித் தேர்வு வைத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும், சொற்களை நம்பாத படப்புதிர்த் தேர்வு ஒன்றை மாவட்டமே நடத்தத் தொடங்கியது. இதை ஆராய்ந்தவர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும். (கார்டுக்கு 2021இல் பொருளியல் நோபல் வேறோர் ஆய்வுக்காகக் கிடைத்தது.) ஹிஸ்பானியப் பிள்ளைகளில் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளை வேராகக் கொண்ட குடும்பத்தவர்) ‘கிஃப்டட்’ என்று அடையாளம் காணப்பட்டவர்கள் 2 விழுக்காட்டிலிருந்து 6 ஆனார்கள், கறுப்பினப் பிள்ளைகளில் 1 விழுக்காடு 3 ஆனது. கட்-ஆஃபில் மாற்றமில்லை, பிள்ளைகளும் புதிதாக அறிவு பெற்றுவிடவில்லை. எல்லாரையும் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2010இல் நிதி நெருக்கடியால் அந்த ஏற்பாட்டை நிறுத்தியதும் பழைய ஏற்றத்தாழ்வு திரும்பி வந்தது.

அதே மாவட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் தகுதி பெற்ற பிள்ளை ஒருவர் இருந்தாலும் பள்ளி தனி வகுப்பு அமைக்க வேண்டும்; மீதி இடங்களை முந்தைய ஆண்டு நல்ல மதிப்பெண் எடுத்தவர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். நுண்ணறிவு ஈவு 130ஐத் தாண்டிச் சேர்ந்தவர்களின் மதிப்பெண் இதனால் உயரவில்லை. இடம் நிரப்ப வந்தவர்கள், அதிலும் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள், நன்றாக முன்னேறினார்கள். ‘கிஃப்டட்’ என்ற முத்திரை யாருக்கு இல்லையோ அவருக்கே அந்த வகுப்பு கூடுதலாக உதவியது!

அதனால்தான் ‘மீத்திறன்’ என்ற சொல்லை ஆதரிக்கிறேன். தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சிப் பாடநூல்களில் ‘மீத்திறன் குழந்தைகள்’ ஏற்கெனவே புழங்குகிறது. ‘மெல்லக் கற்போர்’ என்பதற்கு எதிர்முனையில் வரும் சொல். மீ என்றால் மேல், மிகுதி: மீயொலி, மீயுரை என்பவற்றில் இருப்பது. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்று குறளிலும் வருகிறது. திறன் அளவில் கூடுதல் என்று மட்டும் சொல்லும் சொல் இது. எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது என்ற கதைக்குள் போவதில்லை. ‘மீத்திறன் மிக்க’ என்று சிலர் எழுதுகிறார்கள். மீயிலேயே மிகுதி இருக்கிறதே, எதற்கு இரண்டாவது தடவை?

‘என்ரிச்மென்ட்’டுக்கு வருவோம். ‘ரிச்’ முதலில் பணக்காரரைக் குறிக்கவில்லை, ஆளும் வலிமை உள்ளவரைக் குறித்தது. லத்தீன் ‘ரெக்ஸ்’, சமஸ்கிருத ‘ராஜன்’ ஆகியவற்றின் உறவு. அகராதியில் தேடினால் ‘செறிவூட்டல்’ கிடைக்கும். யுரேனியத்துக்கும் ரேஷன் கடை அரிசிக்கும் அது சரி: உள்ளே ஒன்றின் அடர்த்தியைக் கூட்டுகிறோம். வகுப்பறையில் நடப்பது அது அல்ல. கனெடிகட் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ரென்சுலி 1977இல் முன்வைத்த மாதிரியில் மூன்று படிகள் உண்டு. பாடத்திட்டத்தில் இல்லாத துறைகளை அறிமுகப்படுத்துவது முதல் படி. சிந்திக்கவும் ஆராயவும் பழக்குவது இரண்டாவது. பிள்ளையே ஒரு நிஜச் சிக்கலை எடுத்து ஆராய்வது மூன்றாவது. முதல் இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆனவை என்பது அவர் கருத்து. பாடத்தை அடர்த்தியாக்குவது இதில் எங்கும் இல்லை. பரப்புவதும் ஆழப்படுத்துவதும்தான் இருக்கின்றன. நிலத்தை வளப்படுத்துவது போன்ற வேலை. ஆகவே ‘வளமூட்டல்’.

முழுத் தொடரும் இப்போது ‘அரசுப் பள்ளி மாவட்டத்தின் மீத்திறன் மாணவர் வளமூட்டல் திட்டம்’ என்றாகிறது. நீளம்தான், ஆனால் படித்தால் புரியும்.

கூடவே வரும் சில சொற்கள். ‘ஆக்சலரேஷன்’ என்பது வளமூட்டல் அல்ல, வகுப்பைத் தாண்டி முன்னே அனுப்புவது. இதற்கு நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் ‘டபுள் புரமோஷன்’ எல்லாருக்கும் புரியும். எழுத்தில் ‘விரைவு வகுப்பேற்றம்’ எனலாம். வாரத்தில் சில மணி நேரம் பிள்ளையை வகுப்பிலிருந்து அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கும் ‘புல்-அவுட்’டை ‘தனி அமர்வு’ என்றால் போதும். ‘ட்வைஸ் எக்ஸெப்ஷனல்’ மட்டும் சிரமம் தருகிறது. கணக்கில் அபாரமாக இருந்துகொண்டே எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை அப்படிச் சொல்கிறார்கள். ‘இரட்டைச் சிறப்பு’ என்று எழுதினால் பாராட்டு மாதிரி ஒலிக்கும். பிள்ளைக்கு வேண்டிய உதவி அதில் மறைந்துபோகும். நல்ல சொல் அமையும்வரை ‘மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒருங்கே உள்ள பிள்ளை’ என்று விரித்து எழுதுவதே சரி.