போதைப் பழக்கத்துக்கு அரச சிகிச்சை: வன்னியில் எங்கே போவது, எப்படிப் போவது

வீட்டில் ஒருவர் ஐஸ் பாவிக்கிறார், ஹெரோயின் பாவிக்கிறார், அல்லது குடியை நிறுத்த முடியாமல் இருக்கிறார் என்று தெரிந்ததும், பல குடும்பங்கள் முதலில் யோசிப்பது பொலிஸ் நிலையத்தைத்தான். "பிடிச்சு எங்கையாவது அடைச்சு விடுங்கோ" என்று கேட்கும் அளவுக்குக் களைத்துப் போயிருப்பார்கள். அந்தக் களைப்பு விளங்குகிறது. ஆனால் முதலில் போகவேண்டிய இடம் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவு. அங்கே சிகிச்சைக்குக் காசில்லை. பொலிஸ் கடிதமோ, கிராம அலுவலரின் கடிதமோ, நீதிமன்றக் கட்டளையோ தேவையில்லை.

வவுனியா, மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய நான்கு மாவட்டங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அங்குள்ள உளநல கிளினிக்கில்தான் மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் சிகிச்சை தொடங்குகிறது. உள்ளூர்களில் இருக்கும் சிறிய வைத்தியசாலைகளுக்கு உளநல வைத்திய அதிகாரி குறித்த நாட்களில் மட்டும் வருவார். நெடுங்கேணியிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ காலை முதல் பஸ்ஸில் ஏறுவதற்கு முன், அருகிலுள்ள வைத்தியசாலையில் கிளினிக் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாள் தவறிப்போனால் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போவதோடு, வருவதற்குச் சம்மதித்தவரின் மனமும் மாறிவிடும். இரண்டாவது முறை அவரைக் கூப்பிடுவது லேசான காரியமல்ல.

துண்டு எடுக்கும் இடத்தில் விபரம் எதுவும் சொல்லவேண்டியதில்லை. "உளநல கிளினிக்குக்குப் போகவேணும்" என்றால் போதும். பாவிக்கும் குளிசைகளின் வெற்று மட்டைகளைக் கொண்டு போங்கள். வலி நிவாரணி, தூக்கக் குளிசை, வலிப்புக் குளிசை என்று கடையில் வாங்கியது எதுவாக இருந்தாலும் சரி. பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அடையாள அட்டை இருந்தால் நல்லது. அது இல்லை என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

உள்ளே பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள்: "கடைசியா எப்ப குடிச்சனீங்கள்? காலமை எழும்பினவுடன கை நடுங்குதோ? முந்தி எப்பவாவது வலிப்பு வந்ததோ?" இரு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார்கள். விரல்மேல் ஒரு தாளை வைத்தால் நடுக்கம் தெளிவாகத் தெரியும். இந்தக் கேள்விகளுக்கு அளவைக் குறைத்துச் சொல்வதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வைத்தியர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதே இந்தப் பதில்களை வைத்துத்தான். ஒரு நாளைக்கு ஒரு போத்தல் குடிப்பவர் "கால் போத்தல்" என்று சொன்னால் அவருக்குக் கிடைக்கும் மருந்து போதாது, வலிப்பு வரக்கூடும். வைத்தியரிடம் சொல்வது பொலிசுக்குச் சொல்வது ஆகாது. நோயாளி சொன்னதை இரகசியமாக வைத்திருப்பது வைத்தியரின் கடமை.

அளவைச் சரியாகச் சொல்ல ஒரு கணக்கு உதவும். 10 கிராம் தூய மதுசாரத்தை ஓர் அலகு என்று எடுப்பார்கள். சாராயப் போத்தலில் 33.5 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் ஏறக்குறைய 20 அலகு இருக்கிறது. 180 மில்லிலீற்றர் கால் போத்தலில் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. 8.8 சதவீத பியர், 625 மில்லிலீற்றர் போத்தலில், நாலு அலகுக்கு மேல். "பியர் மட்டுந்தான்" என்று ஆறுதல்படுபவர்கள் இந்தக் கடைசிக் கணக்கைப் பார்க்கவேண்டும். கசிப்புக்கு இப்படிக் கணக்குப் போட முடியாது. அதில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறது, வேறு என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எத்தனை போத்தல், எத்தனை தரம் என்று மட்டும் சொன்னால் போதும்.

கிளினிக்கில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளும் நிரப்பப்படலாம். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய இந்தக் கேள்வித்தாளில் அதிகபட்சம் 40 புள்ளி. 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி உடலையோ வாழ்க்கையையோ பாதிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 20 அல்லது அதற்கு மேல் வந்தால், குடியில்லாமல் இருக்க முடியாமல் அதில் தங்கியிருக்கும் நிலை இருக்கிறதா என்று முழுமையாகப் பரிசோதிப்பார்கள். 8க்கும் 15க்கும் இடையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஓ.பி.டி.யிலேயே ஐந்து, பத்து நிமிட அறிவுரை போதுமானது. இந்தச் சிறிய பேச்சு குடியைக் குறைக்கிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நோய் முற்றியபின் போவதைவிட இந்தக் கட்டத்தில் போவது எவ்வளவோ சுலபம்.

குடியைத் திடீரென நிறுத்துவது

நல்ல எண்ணத்தோடு செய்தும் உயிருக்கே ஆபத்தாக முடிவது இது. கோவிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு, அல்லது அறையில் பூட்டி வைத்து, ஒரே நாளில் குடியை நிறுத்தச் செய்வது. தினமும் நிறையக் குடித்த உடல் அப்படி நிறுத்தினால், 6 மணித்தியாலத்திலிருந்தே நடுக்கம், வியர்வை, ஓங்காளம் தொடங்கும். முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு அறிவு குழம்பி, இல்லாத பூச்சிகள் சுவரில் ஊர்வதாகத் தெரியும். காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் சேரும். இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கொண்டுபோன நேரத்தில் உயிர் போயிருக்கிறது. இது வைத்தியசாலையில் வைத்துப் பார்க்கவேண்டிய அவசர நிலை. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வைத்தியசாலையில் மதுவின் இடத்தைத் தற்காலிகமாகப் பிடிக்கும் டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே விற்றமின் பி1, அதாவது தயமின். நெடுங்காலம் குடித்தவரின் உடலில் அது வற்றிப் போயிருக்கும். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். "ஒரு சேலைன் ஏத்தினால் சரி" என்று தனியார் டிஸ்பென்சரியில் முடித்துக்கொள்பவர்கள், குடிப்பழக்கத்தைப் பற்றி அங்கே கட்டாயம் சொல்லவேண்டியது இதனால்தான்.

இன்னொரு ஆபத்து, கணவருக்கோ மகனுக்கோ தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ குளிசை கலந்து கொடுப்பது. டைசல்பிராம் என்ற மருந்து, அதை எடுத்தபின் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழச் செய்யும். அதன் வேலையே அந்தப் பயத்தை உண்டாக்குவதுதான். எடுப்பவருக்குத் தெரிந்திருந்தால் அவர் குடியைத் தவிர்ப்பார். தெரியாதவர் வழக்கம்போல் குடித்துவிட்டு மயங்கி விழுவார். இதய நோய் உள்ளவருக்கு அது உயிரையே பறிக்கலாம். கடைசிக் குளிசைக்குப் பிறகு இரண்டு வாரம் வரை அதன் பாதிப்பு உடலில் நிற்கும். வைத்தியரின் அனுமதியும் எடுப்பவரின் சம்மதமும் இல்லாமல் இந்த மருந்து வீட்டுக்கு வரவே கூடாது.

ஹெரோயின், ஐஸ்

ஹெரோயினை நிறுத்தினால் 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் மூக்கு ஒழுகல், எலும்பு வலி, வயிற்றோட்டம் தொடங்கி, இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரமளவில் தணியும். இந்த ஒரு வாரம் முடிந்ததும் சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. உடலிலிருந்து போதைப்பொருள் இறங்கியதோடு நின்றுவிட்டால் பெரும்பாலானோர் திரும்பப் பாவிக்கிறார்கள் என்பதை இத்துறை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் சொல்கின்றன. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையின் பலன் சொற்பம்.

ஐஸ் வேறு மாதிரி. அதற்கு ஈடாகக் கொடுக்கும் மருந்து எதுவும் இதுவரை அங்கீகரிக்கப்படவில்லை. ஐஸ் பாவித்தவருக்கு யாரோ தன்னைப் பின்தொடர்வதாக, வீட்டாரே நஞ்சு வைப்பதாகத் தோன்றினால், அதற்கு மருந்து உண்டு. அந்த நிலையில் வாக்குவாதம் செய்யாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். மற்றபடி வேலை செய்வது பேச்சுவழிச் சிகிச்சைதான். பாவிக்காமல் இருந்ததைப் பரிசோதித்து, அப்படி இருந்த ஒவ்வொரு முறையும் சிறு பரிசு கொடுக்கும் முறைக்கு ஆய்வில் நல்ல ஆதாரம் இருக்கிறது. வீட்டிலும் இதைக் கொஞ்சம் கையாளலாம். பாவித்த நாளில் ஏசுவதைவிட, பாவிக்காத நாளைக் கவனித்து ஒரு வார்த்தை சொல்வது கூடப் பயன் தரும்.

சட்டம் எங்கே வருகிறது

1984ஆம் ஆண்டில் உருவான தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ஆலோசனையும் அனுமதி பெறும் விபரமும் கிடைக்கும். இந்த நிலையங்கள் எல்லாம் வன்னிக்கு வெளியே. தமிழில் பேசக்கூடிய ஆலோசகர் இருக்கிறாரா என்று அனுமதிக்கு முன்னரே கேளுங்கள். பேச்சே மருந்தாக இருக்கும் சிகிச்சையில், விளங்காத மொழியில் இருக்கும் நாட்கள் வீணாகும்.

2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைப்பொருளில் தங்கியிருப்போரின் சிகிச்சையையும் புனர்வாழ்வையும் பற்றியது. அதன்படி ஒருவர் தானாக முன்வந்தும் சிகிச்சை பெறலாம். கட்டாய வழியில், பொலிஸ் சந்தேகிக்கும் ஒருவரை அரச வைத்திய அதிகாரி பரிசோதித்துச் சான்றிதழ் தருவார். அதை வைத்து நீதவான் சிகிச்சைக்குக் கட்டளையிடுவார். இச்சட்டம் பேசுவது ஹெரோயின் போன்ற அபாயகர ஔடதங்களை. குடிக்காக ஒருவரை இதன்கீழ் அனுப்பலாம் என்று எண்ண வேண்டாம். சிகிச்சை நிலையம் நடத்துவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. காசு கேட்கும் எந்தத் தனியார் இடத்திலும் அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். சங்கிலியில் கட்டுவது, அடிப்பது, பட்டினி போடுவது எந்தச் சிகிச்சையிலும் இல்லை.

கட்டாயச் சிகிச்சை பற்றி எங்கள் கருத்து இதுதான்: வேறு வழி இல்லாதபோதுதான் அதை நாடவேண்டும். 2012 மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் 12 அமைப்புகள் சேர்ந்து, கட்டாயமாக அடைத்து வைக்கும் போதை நிலையங்களை மூடும்படி கோரின. கட்டாயச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மீளாய்வும், அதனால் கூடுதல் பலன் கிடைப்பதாகக் காட்டவில்லை. பொலிஸிடம் முதலில் போனால் இன்னொரு சிக்கலும் உண்டு. பையில் போதைப்பொருள் அகப்பட்டால் விடயம் சிகிச்சையிலிருந்து வழக்குக்கு மாறிவிடும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஐஸ் 5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் தண்டனை ஆயுள் அல்லது மரணதண்டனை வரை போகலாம். வழக்கு என்று வந்துவிட்டால், சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

நிலையத்திலிருந்தோ மறியலிலிருந்தோ வந்த முதல் இரண்டு வாரம் மிகவும் கவனமாக இருக்கவேண்டிய காலம். உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். முன்பு எடுத்த அதே அளவு ஹெரோயின் இப்போது மூச்சை நிறுத்திவிடும். கண்ணின் கருமணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, தட்டி எழுப்பியும் எழும்பாவிட்டால், பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை வந்தவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஹெரோயினின் வேலையை முறிக்கும் நலோக்ஸோன் ஊசியில் எழும்பிவிட்டாலும் அதன் வேலை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்; உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

கிளினிக் திகதிகள் பெரும்பாலும் விடுபடுவது பெரும்போக அறுவடை நாட்களில். வேலையும் கூடுதல், கையில் காசும் கூடுதல். குடி திரும்ப ஒட்டிக்கொள்ளும் நேரமும் அதுதான். தை, மாசிக்கான திகதியை முன்கூட்டியே மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். திகதி தவறியிருந்தால், திரும்பப் பாவித்திருந்தால், வெட்கப்பட்டு வேறு வைத்தியசாலை தேட வேண்டாம். அதே கிளினிக்குக்கு, அதே கொப்பியோடு, அடுத்த கிளினிக் நாளிலேயே போகலாம். கொப்பி தொலைந்திருந்தால் பெயரையும் கடைசியாக வந்த மாதத்தையும் சொல்லுங்கள். பதிவேட்டில் தேடிப் பார்ப்பார்கள்.