நாலு டேப், ஒரே செஷன்

தைப்பூசத்துக்கு 3 வாரம் இருந்தது. இங்கே பினாங்கில் ஒரு கோயிலுக்குப் பால்குடப் பதிவுத் தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் கவுண்டரில் இருந்த அக்கா போன் செய்தார். "தம்பி, லிஸ்ட் எடுத்தா மத்த எல்லாமே நின்னுடுது. வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு."

சர்வரைப் பார்த்தேன். சிபியு சும்மா இருந்தது, டேட்டாபேஸும் அப்படியே. ரேமைக் கூட்டியும் ஒரு மாற்றமும் இல்லை. மறுநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு டேப் என்று நாலு டேப் திறந்து வைத்திருந்தார். ஒன்றில் அன்றைய பட்டியல் தயாராக 30 விநாடி ஆகும். அந்த 30 விநாடியும் மற்ற மூன்றும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன.

பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபிக்கு ஞாபகம் கிடையாது. அதனால் பிரௌசர் வைத்துக்கொள்ளும் குக்கி என்ற சிறு குறிப்பில் ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, மற்ற விவரங்களைச் சர்வரில் வைக்கிறோம். இதுதான் செஷன். தளத்தை நான் எழுதிய மொழியான பிஎச்பி வழக்கமாக அதை ஒரு கோப்பில் வைக்கும். ஒரு பக்கம் செஷனைத் திறந்ததும் அந்தக் கோப்பைப் பூட்டிவிடும். அந்த நிரல் ஓடி முடியும் வரை பூட்டு விலகாது. நாலு டேப்புக்கும் ஒரே குக்கி என்பதால் ஒரே கோப்பு, ஒரே பூட்டு. பட்டியல் முடியும்வரை மற்ற மூன்றும் காத்திருக்கத்தான் வேண்டும்.

தீர்வு ஒரு வரிதான். ஆள் யார் என்று செஷனில் படித்த கையோடு 'செஷன் ரைட் குளோஸ்' கட்டளையைப் போட்டேன். பூட்டு உடனே திறந்தது. பட்டியல் தன் போக்கில் ஓடியது.

ஆனால் என் மனதை உறுத்தியது அடுத்து நடந்ததுதான். ஒரு ரசீதில் ரோகிணி நட்சத்திரக்காரருக்குச் சுவாதி என்று அச்சாகி வந்தது. பாதி நிரப்பிய படிவத்தை நான் செஷனில் வைத்திருந்தேன். இரண்டாவது டேப்பில் தட்டியது முதல் டேப்பின் விவரத்துக்கு மேலேயே எழுதிவிட்டது. வேண்டுதலோடு வந்தவர் கையில் வேறொருவர் நட்சத்திரம்! செஷன் பிரௌசருக்கு உரியது, டேப்புக்கு அல்ல. அப்புறம் படிவங்களை டேட்டாபேஸுக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தேன். செஷனில் இப்போது உள்நுழைந்தவர் யார் என்பது மட்டும்தான்.

இதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பிஎச்பியின் இயல்பான அமைப்பில் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம் தொடாமல் விட்ட செஷன் குப்பையாகக் கருதப்பட்டு நீக்கப்படலாம். குடும்பத்தில் 6 பேருக்குப் பதியும் பாட்டி நடுவில் எழுந்து போய் வந்தால் எல்லாம் போய்விடும். டேட்டாபேஸில் இருந்தால் மறுபடி உள்நுழைந்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இரண்டாவது சர்வர் போடுகிறவர்கள் செஷனை, இரண்டு சர்வரும் பார்க்கக்கூடிய ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு போன்ற பொது இடத்துக்கு மாற்றுவார்கள். சரிதான். ஆனால் பிஎச்பியை ரெடிஸோடு இணைக்கும் பிஎச்பிரெடிஸில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்தே இருக்கும். காத்திருப்பு போய்விடும், ஒன்றின் மேல் ஒன்று எழுதும் ஆபத்து அப்படியே இருக்கும்.

உங்கள் தளத்தையும் இன்றே பாருங்கள். சோதனைச் சர்வரில், செஷனைத் திறக்கும் ஒரு பக்கத்தில் 20 விநாடி தூங்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள். அதைத் திறந்துவிட்டு, அதே பிரௌசரில் இன்னொரு டேப்பில் வேறொரு பக்கத்தைத் திறங்கள். அடுத்து, தூங்கும் பக்கத்தை மறுபடி ஓடவிட்டு, அந்த இரண்டாவது பக்கத்தை ஏற்கெனவே உள்நுழைந்த வேறு பிரௌசரில் திறங்கள். முதலில் சுற்றியது இங்கே சட்டென்று வந்தால், பூட்டு உங்களிடமும் இருக்கிறது.