எரிமலை இல்லாத ஊரில் சுடுதண்ணீர்

வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா பகுதியில் ஔரென்சே என்றொரு பழைய நகரம். அதன் நடுவிலேயே அஸ் புர்காஸ் என்ற கல் நீரூற்று இருக்கிறது. குழாயில் ஆவி பறக்கக் கொட்டும் தண்ணீரின் சூடு 60 டிகிரிக்கு மேல். விரலை நீட்டினால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வீர்கள். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் இந்தத் தண்ணீரில் கோழியை முக்கி எடுத்துத்தான் இறகு பிடுங்கினார்கள். ரோமானியர் காலத்திலோ இதே இடத்தில் நீர்த் தேவதைகளுக்குப் பலிபீடக் கல் வைத்திருக்கிறார்கள். கோழிக்கும் தேவதைக்கும் ஒரே ஊற்று!

சுடுநீர் என்றாலே எரிமலைதான் நினைவுக்கு வரும். இங்கே அது கிடையாது. ஊருக்கு அடியில் இருப்பது கிரானைட் பாறை. அது குழம்பாக இருந்து இறுகி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சூடு என்றைக்கோ ஆறிப்போயிற்று.

சரி, பிறகு எது சுட வைக்கிறது? ஆழம்தான். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடும். கலீசியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. சுற்றுவட்டக் குன்றுகளில் பெய்யும் மழை, பாறையின் மெல்லிய வெடிப்புகளில் மெதுவாகக் கசிந்து இறங்குகிறது. 15 டிகிரியில் இருந்த தண்ணீர் 60-ஐத் தொட ஒன்றரை கிலோமீட்டராவது இறங்க வேண்டும். மேலே வரும் வழியிலும் கொஞ்சம் ஆறும் என்பதால் உண்மையான ஆழம் அதைவிட அதிகம்.

அடியில் எவ்வளவு சூடு என்று தோண்டாமலே கணிக்க ஒரு வழி இருக்கிறது. சூடான தண்ணீரில் சர்க்கரை அதிகம் கரைவதுபோல, பாறையிலுள்ள சிலிக்காவும் சூடு ஏற ஏற அதிகம் கரையும். தண்ணீர் ஆறினாலும் அது உடனே படிந்துவிடாது. ஆகவே ஊற்று நீரில் உள்ள சிலிக்காவை அளந்தால், அது கீழே பட்ட சூடு தெரிந்துவிடும்.

இறங்கும்போது காட்டிய நிதானம் ஏறும்போது இல்லை. சூடான நீர் லேசானது. குன்றுப் பக்கத்துக் குளிர்ந்த நீரின் அழுத்தமும் அதைத் தள்ளுகிறது. பெரிய பிளவு ஒன்று கிடைத்தால் புகைபோக்கியில் புகை ஏறுவதுபோல விறுவிறுவென்று மேலே வந்துவிடும், முழுக்க ஆற நேரமில்லாமல்.

வெளியே வர அதற்குத் தோதான இடம் தாழ்வான பள்ளத்தாக்கு. அதனால்தான் மின்யோ ஆற்றங்கரையிலும், அவுதாரிஸ் போன்ற இடங்களில், ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே தண்ணீரைக் குளிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்து கல் தொட்டிகளில் விடுகிறார்கள். ஆறு பெருகினால் அந்தத் தொட்டிகள் மூழ்கிவிடும். மழைக்காலத்தில் போவதானால் ஆற்று மட்டத்தை விசாரித்துவிட்டுத் துண்டை எடுங்கள்.