நாலு கோடு இருக்கு, லைன் போகல

சென்ற தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்றுகொண்டு, சென்னையில் இருக்கும் என் சித்திக்கு வீடியோ கால் போட்டான் அக்கா மகன். அவன் அம்மா பால்குடத்தோடு 513 படிகளை ஏறத் தொடங்கியிருந்தாள். சித்திக்கு அதைக் காட்ட வேண்டும். திரையில் சித்தியின் நெற்றியும் பாதி மூக்குக்கண்ணாடியும் வந்தன. அப்படியே உறைந்து போயின.

"மாமா, நாலு கோடும் ஃபுல்லா இருக்கு. லைன்தான் போகல லா."

கைப்பேசி டவர்களில் ஏரியல் மாட்டும் வேலையில் நான் சில வருஷம் இருந்தவன். அதனால் குடும்பத்தில் யாருக்கு லைன் போகாவிட்டாலும் பழி என் தலையில்தான் விழும். அன்றைக்கும் விழுந்தது. வாட்டர்ஃபால் ரோட்டில் (பலகையில் ஜாலான் கெபுன் பூங்கா என்று மாறி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, எங்கள் வாய்க்கு இன்னும் வாட்டர்ஃபால் ரோடுதான்) ஒரு மோர்ப் பந்தலில் நின்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கோடுகள். டவர் பேசுவது நம் கைப்பேசியின் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. கோயில் ஒலிபெருக்கி கணீரென்று கேட்கிறது என்பதால் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் கூட்டம் இல்லை என்று ஆகிவிடுமா? கோடு ஒலிபெருக்கியைச் சொல்கிறது, வரிசையின் நீளத்தைச் சொல்வதில்லை. போதாக்குறைக்கு, எவ்வளவு சத்தத்துக்கு எத்தனை கோடு என்று எல்லாருக்கும் பொதுவான விதியும் கிடையாது. தயாரிக்கிற நிறுவனம் வைத்ததுதான் கணக்கு.

சத்தம் என்று சொன்னாலும் அது எவ்வளவு மெல்லியது தெரியுமா? டவரின் ஏரியல் 40 வாட் அளவில் அனுப்பினால், கைப்பேசிக்கு வந்து சேர்வது ஒரு வாட்டில் 10 லட்சம் கோடியில் ஒரு பங்காகக்கூட இருக்கும். அதிலிருந்தே அது படத்தையும் குரலையும் பிரித்து எடுத்துவிடும். இந்தத் தொழிலில் இருந்தபோது எனக்கு அலுக்காமல் ஆச்சரியம் தந்தது இந்த ஒன்றுதான். ஆகவே நம் சிக்கல் காதில் இல்லை. பந்தியில்.

அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 4ஜி டவர் ஒன்றுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைக்கற்றை கொடுத்திருக்கிறார்கள் என்றால், அதை 100 துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கும். 100 இலை போட்ட பந்தி அது. பந்தி ஒவ்வொன்றும் நீடிப்பது ஒரு மில்லி நொடிதான். அது முடிந்ததும் இலைகளை எடுத்துவிட்டு, அடுத்த 100 இலையில் யார் யார் உட்காரலாம் என்று டவரில் உள்ள கணினி புதிதாக முடிவு செய்கிறது. நொடிக்கு 1,000 பந்தி. யாருக்கு அவசரம், யார் வெகுநேரமாகக் காத்திருக்கிறார், யாருக்குச் சிக்னல் இப்போது தெளிவாக இருக்கிறது என்று எல்லாம் பார்த்துத்தான் இடம் கொடுக்கிறது. எந்தக் கல்யாண மண்டபத்திலும் இப்படி ஒரு பரிமாறுகிற ஆளைப் பார்க்க முடியாது.

எல்லாம் கச்சிதமாக அமைந்தால், இரண்டு ஏரியல் வைத்த சாதாரண 4ஜி ஏற்பாட்டில் இந்தப் பந்தி நொடிக்கு 150 மெகாபிட் வரை பரிமாறும். அது ஏட்டுக் கணக்கு. தூரத்தில் இருப்பவர், சுவருக்குப் பின்னால் இருப்பவர், பக்கத்து டவரின் இரைச்சல் என்று எல்லாம் சேர்ந்தால் அதில் ஒரு பகுதிதான் கைக்கு வரும். ஒரு பேச்சுக்கு 30 மெகாபிட் என்று வையுங்கள். வீடியோ கால் ஒன்று ஓரளவு தெளிவாக ஓட 1 மெகாபிட் வேண்டும் என்றால், 30 பேரோடு பந்தி நிரம்பிவிடும். 300 பேர் வந்து உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்தில் ஒன்று. சித்தியின் நெற்றி உறைந்தது இங்கேதான்.

இதில் ஒரு அநியாயமும் உண்டு. சிக்னல் தெளிவாக இருப்பவரின் இலையில் நிறைய பரிமாறலாம், மங்கலாக இருப்பவரின் இலையில் கொஞ்சம்தான் நிற்கும். அதே அளவு சாப்பிட அவருக்கு நாலைந்து இலை வேண்டும். மரத்துக்குப் பின்னால் நின்று தேரை லைவ் போடுகிற ஒருவர், தனக்கே தெரியாமல் பக்கத்தில் இருக்கும் நாலு பேர் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

சத்தத்தைக் கூட்டினால் என்ன, டவருக்கு இன்னும் கரண்ட் கொடுத்தால் என்ன என்று அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி. 1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் இதற்கு விடை எழுதி வைத்துவிட்டார். அலைக்கற்றையின் அகலத்தை இரட்டிப்பாக்கினால், சிக்னலின் தெளிவு குறையாதவரை, அனுப்பக்கூடிய தகவலும் இரட்டிப்பாகும். சக்தியை இரட்டிப்பாக்கினாலோ, ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் நொடிக்கு அதிகம் போனால் ஒரு பிட் கூடும், அவ்வளவுதான். அதற்குப் பலனாக உங்கள் சத்தம் பக்கத்து டவருக்கு இரைச்சலாகப் போய் விழும். பந்தலுக்குப் பந்தல் போட்டி போட்டு ஒலிபெருக்கியைக் கூட்டினால் கடைசியில் யார் பாட்டும் கேட்காதே, அந்தக் கதைதான்.

இதுவரை சொன்னது டவர் நம்மிடம் பேசுவது. நாம் டவரிடம் பேசுவது இன்னும் பாவம். கைப்பேசி அனுப்பும் சக்தி அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான். டவரின் 40 வாட்டில் 200-இல் ஒரு பங்கு. கோடுகள் இந்தத் திசையைக் காட்டுவதே இல்லை. தைப்பூசத்தன்று கூட்டம் முழுக்க அனுப்புகிற பக்கம்தான்: வெள்ளித் தேர், தங்கத் தேர், காவடி, தேங்காய் மலை என்று எல்லாரும் படம் பிடித்து மேலே ஏற்றுகிறார்கள். சாதாரண நாளில் ஜனங்கள் இறக்குவதுதான் அதிகம், ஏற்றுவது கொஞ்சம். அதை வைத்து அமைத்த டவர், வருஷத்தில் ஒரு நாள் தலைகீழாக மாறுகிற வழக்கத்துக்கு எங்கே போகும்?

பந்தியில் உட்காரும் முன்பே இன்னொரு இடி இருக்கிறது. கொஞ்ச நேரம் சும்மா கிடந்த கைப்பேசி, "எனக்கும் இடம் வேண்டும்" என்று டவருக்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும். 4ஜியில் அதற்கென்று 64 குறிகள் இருக்கின்றன. அதில் ஒன்றைக் குலுக்கலில் எடுப்பது போல எடுத்துக் கூவும். ஒரே நொடித்துகளில் இரண்டு கைப்பேசிகள் ஒரே குறியை எடுத்துவிட்டால் டவர் ஒருவர்தான் கூப்பிட்டார் என்று நினைத்துப் பதில் சொல்லும். இரண்டும் "நான்தான்" என்று எழும். மோதும். பிறகு இரண்டும் தனித்தனியே கொஞ்ச நேரம் ஒதுங்கி நின்று மறுபடி முயலும். 64 குறியும் பொதுவில் கிடந்து, 10 பேர் ஒரே நேரத்தில் எடுத்தார்கள் என்றால், யாராவது இருவர் மோதிக்கொள்ளப் பாதிக்குச் சற்று மேலான வாய்ப்பு இருக்கிறது. 10 பேருக்கே இப்படி. அங்கே ஆயிரக்கணக்கில் நிற்கிறார்கள். தோற்றவர் மறுபடி கூவுகிறார், அவரோடு புதிதாக வந்தவரும் கூவுகிறார். கைப்பேசியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகும் என்று நினைப்பவர்கள் இந்தச் சந்தைக்கு இன்னொரு குரலைச் சேர்க்கிறார்கள்.

கூட்டமே ஒரு சுவர் என்பதையும் சொல்ல வேண்டும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளை உறிஞ்சும். 5ஜிக்குப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நெரிசலில் அது 700 மெகாஹெர்ட்ஸின் 43 சென்டிமீட்டர் அலையைவிட அதிகம் அடிபடும். கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிப்பதை மூடநம்பிக்கை என்று சிரிக்காதீர்கள். நாலு தலையைத் தாண்டினாலே வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் ஆசியா முழுக்க இவ்வளவு பேர் கைக்கு இணையம் எப்படி வந்தது? பந்தியில் இடம் இல்லை என்றால் வீதிக்கு ஒரு பந்தி போடுவதுதான் வழி. 1947-இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் இந்த யோசனை எழுதப்பட்டுவிட்டது: ஊரைச் சிறு வட்டாரங்களாகப் பிரி, தூர தூர வட்டாரங்களில் அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்து. அதை முதலில் வணிகச் சேவையாகக் கொண்டுவந்தது தோக்கியோ, 1979-இல், காருக்குள் வைக்கும் தொலைபேசியாக. மலேசியாவுக்கு 1985-இல் ஆத்தூர் 450 என்ற சேவை வந்தது. நம் தமிழ் காதுக்குச் சேலத்துப் பக்கத்து ஊர் போலக் கேட்கும், ஆனால் அது ஆட்டோமேட்டிக் டெலிபோன் யூசிங் ரேடியோ என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். 450 மெகாஹெர்ட்ஸ் அலை வெகுதூரம் போகும், எனவே டவர் கொஞ்சம் போதும். அந்தக் குணமே அதற்கு எல்லையாகவும் ஆனது. வட்டாரம் பெரிதாக இருந்தால் அதற்குள் பேசக்கூடியவர் எண்ணிக்கை சிறிது. காசுள்ள கொஞ்சம் பேருக்குச் சரி.

அடுத்து 1990-களில் வந்த டிஜிட்டல் சேவைகள் வட்டாரங்களைச் சிறிதாக நறுக்கின. வீடுவீடாகச் செம்புக் கம்பி இழுக்கத் தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் (மலாய்க் கிராமங்களுக்கும்) யார் வருவார்கள்? ஒரு டவர் நட்டால் ஆயிரம் வீட்டுக்கு ஆயிற்று. கூடவே ரீலோட், அதாவது முன்பணம் கட்டிப் பேசும் ஏற்பாடு, வந்தது. மாதக் கட்டணம், சம்பளச் சீட்டு, உத்தரவாதம் எதுவும் வேண்டாம், 10 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் போதும். என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்து நாடுகளில் கைப்பேசியைப் பரப்பியதில் பாதிப் பெருமை அந்தச் சுரண்டுகிற அட்டைக்குத்தான். இந்தியாவில் 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலையைக் கீழே தள்ளிய பிறகு, சித்தி மாதிரி ஆட்கள்கூட நாள் முழுக்க வீடியோவில் இருக்கிறார்கள்.

காற்றில் இடம் சேர்க்க இன்னொரு வழி, பழைய குடித்தனத்தைக் காலி செய்வது. மலேசியாவில் கூரை மேல் ஏரியல் வைத்துப் பார்த்த பழைய பாணி டிவி ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிந்தது, அதில் மிஞ்சிய 700 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசிக்குப் போனது. 2021 கடைசியில் 3ஜியை மூடினார்கள், அதே இடத்தில் 4ஜி அதிகம் ஏற்றும் என்பதால். அதே டிசம்பரில் 5ஜி தொடங்கியது. 5ஜியின் உண்மையான வித்தை வேகம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்வேன்: பலகை ஒன்றில் 64 சின்ன ஏரியல்களைப் பதித்து, அலையை டார்ச் வெளிச்சம் போலக் குவித்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் வெவ்வேறு திசையில் இருப்பவர்களோடு தனித்தனியே பேசுவது. ஒரே இலையில் நாலு பேருக்குச் சாப்பாடு போட்டும் எச்சில் படாத மாதிரி. எல்லாரும் ஒரே திசையில் படிக்கட்டில் தோளோடு தோள் உரச நின்றால் அந்த வெளிச்சங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பது தனிக்கதை.

திருவிழாவுக்கென்றே ஒரு ஏற்பாடும் உண்டு. லோரியில் ஏற்றிய டவர். மடக்கிய கம்பத்தை நிமிர்த்தி, ஜெனரேட்டரை ஓட்டி, கூட்டத்துக்கு நடுவே சின்ன வட்டாரம் ஒன்றை உண்டாக்குவார்கள். அதற்கும் பின்னால் கண்ணாடி இழைக் கம்பியோ, வேறு டவரைப் பார்த்துத் திருப்பிய நுண்ணலைத் தட்டோ வேண்டும். இல்லையென்றால் குழாய் புதிது, தொட்டியில் தண்ணீர் இல்லை என்ற கதை. நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு கோயில் விழாவுக்கு அப்படிக் கொண்டுபோன லோரியைக் கம்பி வந்து சேருகிற பெட்டிக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டார்கள். நடுவில் தேர் போகிற சாலை. ராத்திரி பூரா ஏரியல் வெறுமனே நின்றது.

கண்ணாடி இழை என்றதும் கடல் ஞாபகம் வருகிறது. சென்னைக்கும் பினாங்குக்கும் நேர்கோட்டில் 2,300 கிலோமீட்டருக்கு மேல். 1870-இலேயே இந்த இரண்டு ஊருக்கும் நடுவே கடலடியில் தந்திக் கம்பி போட்டுவிட்டார்கள், அது இங்கிருந்து சிங்கப்பூருக்கும் நீண்டது. இன்றைக்கு வங்காள விரிகுடா நுழைவாயில் என்ற பொருள்படும் பெயர் கொண்ட கேபிள் மீண்டும் அதே இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு கடலடியில் கிடக்கிறது. உள்ளே தலைமுடி அளவு கண்ணாடி இழைகள். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆக, அந்த வழியே போனால் கடலைக் கடக்க 12 மில்லி நொடி, கேபிளின் வளைவு நெளிவுக்கு இன்னும் கொஞ்சம். கண் இமைப்பதற்குள் பலமுறை போய்வரலாம்.

அக்கா மகனின் வீடியோவுக்கு வங்காள விரிகுடா ஒரு பொருட்டே இல்லை. அவன் கையிலிருந்து மாமரத்துக்கு மேல் தெரிந்த டவர் வரை இருந்த முந்நூறு மீட்டர் காற்றைத்தான் தாண்ட முடியவில்லை.

"அப்போ சாதாரண கால் போடு" என்றேன். 4ஜியில் வாட்ஸ்அப் காலுக்கு மற்ற டேட்டாவோடு சேர்ந்துதான் வரிசை. நம்பரை அழுத்திப் பேசும் கால் அப்படி இல்லை. அதற்கென்று இலையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பார்கள். குரலுக்குத் தேவை நொடிக்கு 10, 20 கிலோபிட்தான், வீடியோவில் ஐம்பதில் ஒரு பங்கு. எஸ்எம்எஸ் அதைவிடச் சின்னது, டவரும் கைப்பேசியும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதையிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும்.

"வெளிநாட்டுக் காலா? ரீலோட்ல மூணு வெள்ளிதான் மாமா இருக்கு."

அதனால் படமாக எடுத்து வைத்துக்கொண்டான். அக்கா மேலே போய்ச் சேர்ந்ததைச் சொல்ல எனக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினாள், அது உடனே வந்தது: "ஏறிட்டேன். மோர் எனக்கும் வாங்கி வை." சாயங்காலம் ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் போய் வைஃபையில் போட்டதும் நாலு நிமிஷப் படம் முழுசாகச் சென்னைக்குப் போனது. சித்தி பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், பால் சிந்தாமல் போய்ச் சேர்ந்தாளா என்று.