சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக்: சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைப் பிரித்துப் பாருங்கள்

எம்.டெக் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வின் முடிவுகள் வந்த கையோடு எனக்கு வரும் கேள்வி இதுதான்: "சார், சைபர் செக்யூரிட்டியில் எம்.டெக் சேரலாமா? எந்தக் காலேஜ் நல்லது?" தகவல் பாதுகாப்புப் பணிக்கு ஆளெடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறவன் என்பதால் என்னிடம் ஒரு பட்டியல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. "முடித்ததும் என்ன வேலை பார்க்க ஆசை?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில், "எத்திக்கல் ஹேக்கர்." அதாவது அனுமதியோடு உள்ளே நுழைந்து பார்த்து ஓட்டைகளைச் சொல்பவர்.

அந்த வேலை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புதியவர்களுக்கு அதிகம் கிடைப்பது வேறு: கண்காணிப்பு மையத்தில் ஷிப்ட் போட்டு, கணினிகள் தம்மில் நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் குறிப்புகளைப் படிப்பது, தணிக்கைக்கு ஆதாரம் திரட்டுவது, டெவலப்பர்களோடு மல்லுக்கட்டிக் கோடில் உள்ள ஓட்டையை அடைப்பது, கிளவுடில் யாருக்கு என்ன அனுமதி என்று துருவுவது. இதில் எது உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியாமல் பட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏனென்றால் சைபர் செக்யூரிட்டி என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று விதமான படிப்புகள் நடக்கின்றன.

லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே 1992-லேயே தகவல் பாதுகாப்பில் எம்.எஸ்சி. தொடங்கியது, அதன் பின்னால் இருந்தவர்கள் கணிதக்காரர்கள். அந்த வழிவந்த படிப்புகள் முதல் வகை, அவற்றில் கிரிப்டோகிராஃபி, அதாவது தகவலை மறைகுறியாக்கும் கலைதான் மையம். இன்னொரு வகை, ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், மால்வேர் எனும் தீங்கு நிரல்கள் என்று இயந்திரத்தின் உள்ளே இறங்குவது. மூன்றாவது வகை ஐ.எஸ்.ஓ. 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரநிலை, இடர் மதிப்பீடு, சட்டம் என்று நிர்வாகப் பக்கம் நிற்பது. கடைசி வகையைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள், அது தவறு. ஒரு தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தன்னிடம் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டது. 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. இதையெல்லாம் படித்துப் புரிந்து நடைமுறைப்படுத்தும் ஆளுக்கு மரியாதை உண்டு. கொஞ்சம் போரடிக்கும், அவ்வளவுதான்.

பாடத்தின் தலைப்பை மட்டும் பார்த்தால் எந்த வகை என்று தெரியாது. யூனிட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கிரிப்டோகிராஃபி தாளில் ஃபைனைட் ஃபீல்டு, எலிப்டிக் கர்வ், பாதுகாப்பு நிரூபணம் என்று போனால் கணிதம் கைவர வேண்டும். ஏ.இ.எஸ்., ஆர்.எஸ்.ஏ. போன்ற பிரபலமான மறைகுறியாக்க முறைகளின் அறிமுகத்தோடு நின்றுவிட்டால் மீதி நேரத்தை எதற்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

நேர்காணலில் நான் காட்டும் ஒரு துண்டு லாக் உண்டு. விண்டோஸ் சர்வர், நள்ளிரவு தாண்டிய நேரம். ஒவ்வொரு வகை நிகழ்வுக்கும் விண்டோஸ் ஓர் எண் போடும்; ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து 4625 வரிசையாக விழுகிறது. எல்லாம் தோற்றுப்போன லாகின் முயற்சிகள். பிறகு ஒரே ஒரு 4624, வெற்றி பெற்ற லாகின், லாகான் டைப் 10. அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வழியே உள்ளே வந்தாயிற்று. சிறிது நேரத்தில் 4720, புதிய பயனர் கணக்கு. கடைசியில் 1102, செக்யூரிட்டி லாகையே அழித்துவிட்டார்கள். "அழித்துவிட்டார்கள் என்றால் முந்தைய வரிகள் என் கைக்கு எப்படி வந்தன?" என்று கேட்பேன். லாக் விழ விழ வேறொரு சர்வருக்குப் போயிருக்கும் என்று சட்டெனச் சொல்பவர் எங்கோ ஒரு லேபில் அதைத் தன் கையால் அமைத்திருப்பார். பட்டத்தில் எத்தனை சதவீதம் என்று அப்புறம் நான் பார்ப்பதில்லை.

சரி, சேருவதற்கு முன்பே ஒரு கல்லூரியில் அப்படி லேப் நடக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடந்த மூன்று ஆண்டு மாணவர்களின் ப்ராஜெக்ட் தலைப்புகளைக் கேளுங்கள். மெஷின் லேர்னிங்கால் ஊடுருவலைக் கண்டறிதல், கே.டி.டி. கப் 99 என்ற பழைய பொதுத் தரவு, 99 சதவீதத் துல்லியம் என்றே திரும்பத் திரும்ப வந்தால் யோசியுங்கள். அந்தத் தரவு 1998-ல் அமெரிக்காவில் ஒரு சோதனைக்காகச் செயற்கையாக உருவாக்கிய நெட்வொர்க் போக்குவரத்திலிருந்து எடுத்தது. இன்றைய தாக்குதல்களோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதைத் தாண்டி ஒரு தலைப்பு கொடுக்க அங்கே ஆள் இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

சி.டி.எஃப். எனப்படும் ஹேக்கிங் புதிர்ப் போட்டிகளில் விளையாடும் மாணவர் குழு இருக்கிறதா என்றும் பாருங்கள். அம்ரிதா பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகத்து பயோஸ் குழு உலக அளவில் பெயர் வாங்கியது பாடத்திட்டத்தால் மட்டும் அல்ல. சீனியர் ஜூனியருக்குச் சொல்லித் தரும் பழக்கத்தால்.

வெளிநாடு என்றால் பிரிட்டனில் அந்நாட்டு அரசின் சைபர் பாதுகாப்பு மையமான என்.சி.எஸ்.சி.யின் சான்று பெற்ற முதுகலைப் படிப்புகளின் பட்டியல் உண்டு. அந்தச் சான்று பல்கலைக்கழகத்துக்கு இல்லை, குறிப்பிட்ட படிப்புக்குத்தான். முழுச் சான்றா, தற்காலிகச் சான்றா என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ. கல்லூரிகளுக்குத் தரும் சிறப்பு மைய அங்கீகாரத்தை ஏஜென்டுகள் பெரிதாகக் காட்டுவார்கள். ஆனால் அதையொட்டிப் பேசப்படும் அரசு உதவித்தொகை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும்தான். பாதுகாப்பு அனுமதி கேட்கும் வேலைகளும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது. கடன் கணக்குப் போடும்போது அவற்றைக் கழித்துவிட்டுப் போடுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2019-ல் தொடங்கிய சைபர் செக்யூரிட்டி ஆன்லைன் முதுகலை, 10,000 டாலருக்குள் முடியும் என்ற அறிவிப்போடுதான் வந்தது. எத்திக்கல் ஹேக்கர்கள் செய்யும் ஊடுருவல் சோதனைதான் குறி என்றால், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க நடக்கும் ஓ.எஸ்.சி.பி. செய்முறைத் தேர்வை முதலில் எழுதிப் பாருங்கள். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற தொழில்முறைச் சான்றிதழ் 5 ஆண்டு அனுபவம் கேட்கிறது. பொருத்தமான பட்டம் அதில் ஓர் ஆண்டைத்தான் குறைக்கும்.

நெட்வொர்க்கும் லினக்ஸும் இன்னும் பிடிபடாதவர்களுக்கு என் யோசனை, கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே முதுகலை எடுத்து செக்யூரிட்டியை விருப்பப்பாடமாகப் படியுங்கள் என்பதுதான். உதவித்தொகையில் வித்தியாசம் வராது, தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரமுள்ள படிப்பில் கேட் மதிப்பெண்ணோடு சேருபவருக்கு எந்தப் பிரிவானாலும் மாதம் 12,400 ரூபாய்.

கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் சதவீதத்தை நான் நம்புவதில்லை. சாதாரண டெவலப்பர் வேலைக்குப் போனவரும் அதில் சேர்ந்திருப்பார். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரை லிங்க்ட்இனில் பிடித்து, "உங்களுக்கு முந்தைய செட்டில் எத்தனை பேர் செக்யூரிட்டி வேலைக்கே போனார்கள்?" என்று கேளுங்கள்.