வீணாகும் சூட்டை மீட்க வட்டிச் சலுகை: டேனரி, சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு

ஆம்பூர், ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளிலும், ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கம் நகரி சாயப்பட்டறைகளிலும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் ஒரு பக்கம் சூட்டை வெளியே ஊதித் தள்ளுகிறது. இன்னொரு பக்கம் பாய்லரில் விறகு போட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறார்கள். அந்தச் சூட்டைப் பிடித்துத் தண்ணீருக்குத் திருப்பும் கருவிகளைக் கடனில் வாங்கினால், வட்டியில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும். இதுதான் ‘அடீட்டி’ திட்டம். மத்திய மின்துறையின் கீழுள்ள எரிசக்தித் திறன் பணியகம் (பி.இ.இ.) நடத்துகிறது. 2025 ஜூலையில் தொடங்கியது, 2027-28 நிதியாண்டு வரை உண்டு. ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய்.

இது கட்டாயம் இல்லை, சலுகை மட்டும்தான். தேடிப் போய் வாங்குபவருக்கே அது கிடைக்கும்.

குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5%, நடுத்தர நிறுவனங்களுக்கு 3% கழியும். 40 லட்ச ரூபாய்க் கடனுக்கு முதல் ஆண்டில் ஏறக்குறைய 2 லட்சம் மிச்சம். அசல் குறையக் குறைய இதுவும் குறையும். இயந்திரத்தின் விலையில் மானியம் கிடையாது. தோல், ஜவுளி, உணவு பதப்படுத்துதல், ஃபவுண்டரி உட்பட 14 துறைகள் பட்டியலில் உள்ளன. உங்கள் ஊர்த் தொழில் தொகுப்பு (கிளஸ்டர்) திட்டத்தின் இப்போதைய கட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவான உத்யம் சான்றிதழையும் எடுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவன வரம்பு முதலீட்டில் 25 கோடி, விற்பனையில் 100 கோடி என்று உயர்ந்துவிட்டது. பழைய சான்றிதழில் ‘நடுத்தர’ என்று இருப்பவர் இன்று ‘சிறு’ ஆகியிருக்கலாம். புதுப்பிக்காமல் விண்ணப்பித்தால் 2% வட்டி கையைவிட்டுப் போகும்.

வரிசை முக்கியம். இணையதளத்தில் பதிவு, முதலீட்டுத் தர எரிசக்தித் தணிக்கை (செலவும் மிச்சமும் கணக்கிட்டு, கடன் முடிவுக்கு உதவும் ஆய்வு), விரிவான திட்ட அறிக்கை, வங்கிக் கடன், பொருத்துதல், கடைசியாக மிச்சத்தை அளந்து உறுதிசெய்யும் அளவீட்டுச் சரிபார்ப்பு. குறைந்தது 10% ஆற்றல் மிச்சம் காட்ட வேண்டும். பலர் விற்பனையாளர் பேச்சைக் கேட்டு இயந்திரத்தை முதலில் வாங்கிவிடுகிறார்கள். பிறகு ‘முன்பு எவ்வளவு செலவானது’ என்பதற்கு ஆதாரமே இருக்காது. மின்கட்டண ரசீதுகளோடு விறகு எடைச் சீட்டுகளையும் இப்போதே சேர்த்து வையுங்கள். விறகுக் கணக்கு இல்லாத ஆலையில் வெப்ப மிச்சத்தை நிரூபிக்க முடியாது.

ஒரு கணக்கு. 50 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் முழு லோடில் 37 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 70% சூடாக மீட்டால் 26 கிலோவாட். 28 டிகிரித் தண்ணீரை 58 டிகிரிக்கு ஏற்றினால் மணிக்கு சுமார் 740 லிட்டர். தோலுக்குச் சாயம் ஏற்றும் டிரம்முக்கு இந்தச் சூடு போதும். எட்டு மணி நேரம் முழு லோடில் ஓடினால் ஏறத்தாழ 85 கிலோ விறகு மிச்சம். தினம் 2 டன் எரிக்கும் ஆலையில் இது 4 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆகவே 10% என்பது முழு ஆலைக்கா, அந்தக் கருவித் தொகுதிக்கா என்பதைத் தணிக்கை அறிக்கையிலேயே எழுதி வாங்குங்கள்.

பாலாற்றுப் பக்கத்து போர்வெல் தண்ணீர் கடும் உப்பு. அதை நேராகத் தட்டு வெப்பமாற்றிக்குள் (கம்ப்ரஸர் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் கருவி) விட்டால் தட்டுகளில் படிந்து இறுகி, மிச்சம் சரிந்துவிடும். சரிபார்ப்பு அளவீடு அந்த நேரத்தில் நடந்தால் சலுகைக்கே சிக்கல். மென்னீர் (படிவு உண்டாக்கும் உப்பு நீக்கிய தண்ணீர்) மட்டும் சுற்றும் மூடிய சுற்று ஒன்றை நடுவில் வையுங்கள். கம்ப்ரஸர் ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அதில் நீர் கோத்து பேரிங் கெடும். ஆயில் அளவுக்கு மீறிக் குளிராமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் பைபாஸ் வால்வு இல்லாத கொட்டேஷனை ஏற்க வேண்டாம். டிரம்முக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரமும் கம்ப்ரஸர் ஓடும் நேரமும் ஒத்துவராது என்பதால், இன்சுலேஷன் போட்ட தொட்டியின் விலையையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துக் கேளுங்கள்.