வெட்டுப்பட்ட காய்க்கு மறுபடியும் தாயம்

என் அறையில் மேசைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள், கொஞ்சம் சோழி, ஒரு பை நிறையப் புளியங்கொட்டை, சாக்பீஸ். பிள்ளைகளுக்கான உளவியல் ஆலோசகராக நான் அதிகம் கையில் எடுப்பது இந்த டப்பாவைத்தான். "ஃபீஸ் கட்டிக் கூட்டிட்டு வந்தது தாயம் விளையாடவா மேடம்?" என்று ஒரு அப்பா நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அன்று அவருக்கு அவசரமாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

அவர் அழைத்து வந்த பையனுக்குப் பத்து வயது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பரீட்சை நாளென்றால் காலையிலேயே வயிற்று வலி. ஸ்கேன் வரைக்கும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது, உடம்பில் ஒன்றுமில்லை. எழுதியதில் ஒரு எழுத்து கோணலாக வந்தாலும், தாள் கிழியும்வரை ரப்பரால் அழிப்பான். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருவன். விளையாடப் போவதில்லை; போனாலும் அவுட் ஆனதும் வீட்டுக்கு வந்துவிடுவான்.

முதல் நாள் தரையில் தாயக்கட்டம் வரைந்து இருவரும் உட்கார்ந்தோம். அவனுடைய காய் ஒன்று சுற்றி வந்து பழமாக, அதாவது கடைசிக் கட்டத்தை அடைய, இன்னும் நான்கு கட்டம்தான் பாக்கி. எனக்கு ஐந்து விழுந்தது, வெட்டினேன். அவன் காதுமடல் சிவந்தது. கட்டைகளைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான், போடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எல்லாக் காய்களையும் கையால் கலைத்துவிட்டு, "எனக்கு வயிறு வலிக்குது" என்றான்.

பரீட்சை மண்டபத்தில் அவனுக்கு என்ன நடக்கிறதோ, அதையே அன்று என் கண்முன்னால் பார்த்தேன். நெஞ்சு படபடப்பதும், கை வியர்ப்பதும், வயிற்றைப் பிசைவதும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். என்ன வித்தியாசம் என்றால், தாயத்தில் போவது ஒரு புளியங்கொட்டை. அந்தப் படபடப்பு தானாக ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானாகவே இறங்கும் என்பதை உடம்பு அனுபவித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் வராது. இழப்பு சின்னதாக இருக்கும் இடத்தில் திரும்பத் திரும்பப் பழகினால்தான் வரும். மீண்டெழும் திறன் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

தாயத்தை நான் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அதில் தோற்றால் அது நம் குற்றமில்லை, கட்டை அப்படி விழுந்தது. எது நடந்தாலும் "நான்தான் சரியில்லை" என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். வெட்டுப்பட்ட காய் செத்துப்போவதும் இல்லை. இன்னொரு தாயம், அதாவது கட்டையில் ஒன்று, விழுந்தால் மறுபடியும் உள்ளே வரலாம். இதை நான் வாயால் சொல்லவே வேண்டாம், விதியிலேயே இருக்கிறது.

வீட்டில் விசாரித்தபோது பாட்டி சொன்னார்: "அவன் அழுவான்னு நாங்க எப்பவும் தோத்துக் குடுத்துருவோம்மா." பாசத்தில் செய்ததுதான், ஆனால் அவனுக்குத் தோற்றுப் பார்க்க ஒரு இடமே கிடைக்காமல் போயிற்று. அதற்காக ஒரேயடியாகத் தோற்கடிக்கவும் கூடாது. நம் தெருப்பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ரொம்பச் சின்னப் பிள்ளையை 'ஒப்புக்குச் சப்பாணி' என்று சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் அவுட் கிடையாது. கொஞ்சம் வளர்ந்ததும் தானாக முழு ஆட்டக்காரர் ஆகிவிடும். அந்தச் சொல் இன்று உறுத்துகிறது, அதை விட்டுவிடலாம். வழக்கம் மட்டும் பொன்னானது: பிள்ளை தாங்கும் அளவுக்குத் தோல்வி, அப்புறம் கொஞ்சம் கூட.

அதேபோல 'அம்பேல்'. ஓடிப்பிடித்து விளையாடும்போது மூச்சு வாங்கினால் "அம்பேல்" என்று சொல்லி நிற்கலாம், யாரும் தொட மாட்டார்கள். பையனுக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் உத்தி அதுதான். படபடப்பு ஏறினால் கலைக்காதே, அம்பேல் சொல், தண்ணீர் குடித்துவிட்டு வா, காய்கள் அப்படியே இருக்கும். இரண்டாம் வாரம் ஆறு முறை அம்பேல் சொன்னான். நான்காம் வாரம் அவன் காயை மறுபடி வெட்டினேன். காது சிவந்தது. கட்டைகளை உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை உருட்டினான். பிறகு, "சரி, தாயம் விழட்டும்" என்று போட்டான். விழுந்தது என்னவோ மூன்று. அவன் கலைக்கவில்லை.

தாயம் மட்டுமே அவனைச் சரிசெய்தது என்று சொல்ல மாட்டேன். மூச்சுப் பயிற்சி இருந்தது, பள்ளியோடு பேசினோம், மதிப்பெண் பற்றிய பேச்சை வீட்டில் குறைக்கச் சொன்னோம். வயிற்று வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் வலியோடு போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வருகிறான்.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும். கணவர் இறந்தபின் அறையை விட்டே வராத ஒரு அம்மாவுக்கு, மருத்துவர் கொடுத்த மாத்திரையோடு சேர்த்து, பேத்தியோடு தினமும் ஒரு ஆட்டம் பல்லாங்குழி என்று எழுதிக் கொடுத்தேன். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். முதலில் கை அசையட்டும், மனசு பின்னாலேயே வரும். பல்லாங்குழியில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு சுற்றில் தோற்றவர், அடுத்த சுற்றில் தன்னிடம் இருக்கும் காய்களால் எத்தனை குழியை நிரப்ப முடியுமோ அத்தனையோடுதான் ஆட வேண்டும். ஏழில் நான்கு நிரம்பலாம், மூன்று வெறுமையாகக் கிடக்கும். அப்படியும் ஆட்டம் உண்டு, இழந்த குழிகளை மீட்கவும் வழி உண்டு. ஒருநாள் அந்த அம்மா, "நாலு குழியோட உக்காந்தேன், ஆறாக்கிட்டேன்" என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவராகச் சொன்ன முதல் செய்தி அது.

திறமையால் மட்டும் ஆடும் ஆட்டங்கள் அடுத்த படி. 2024இல் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் சதுரங்க உலக சாம்பியன் ஆனதைக் கொண்டாடினோம். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே அவர் தோற்றார் என்பதைப் பிள்ளைகளிடம் எத்தனை பேர் சொன்னோம்? மூன்றாவதில் வென்றார், பதினொன்றில் வென்று முந்தினார், பன்னிரண்டில் மறுபடி தோற்றார், பதினான்காவதில் பட்டம். கோப்பைப் படத்தோடு இந்தக் கணக்கையும் வீட்டுச் சுவரில் ஒட்டலாம்.

மொபைல் விளையாட்டு கெட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதிலும் தோற்று மறுபடி முயல்வது இருக்கிறது. நண்பர்களோடு அளவாக ஆடினால் நான் தடுப்பதில்லை. ஆனால் எதிரே ஒரு முகம் இல்லை. 'காய்' விட்டுவிட்டு மறுநாள் 'பழம்' விடும் சமாதானம் அதில் நடப்பதில்லை. உடம்பும் அசைவதில்லை, 5 முதல் 17 வயதுவரை தினம் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆசிரியர்களிடமும் இதை மன்றாடிக் கேட்கிறேன்.

பணம் வைத்து ஆடுவது முற்றிலும் வேறு. விட்டதைப் பிடிக்கத் துரத்துவது மீண்டெழுவது ஆகாது. வீட்டில் யாராவது அதில் மாட்டியிருந்தாலோ, தூக்கமும் சாப்பாடும் படிப்பும் கெடும் அளவுக்கு மொபைலில் ஆடினாலோ, திட்டிக்கொண்டிருக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் தொடங்குபவர்களுக்கு ஒன்று மட்டும். ஆடும்போது பாடம் நடத்தாதீர்கள். நீங்கள் தோற்கும்போது, "அடடா, போச்சே! சரி, இன்னொரு ஆட்டம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை அதைத்தான் கேட்டு வைத்துக்கொள்ளும்.

சென்ற மாதம் அந்தப் பையன் தன் நான்கு வயதுத் தங்கையோடு வந்தான். அவளை ஒப்புக்குச் சேர்த்துக்கொண்டோம். அவளுக்குத் தாயமே விழவில்லை, உதடு பிதுங்கியது. கட்டையை அவள் கையில் திணித்துவிட்டு அவன் சொன்னான்: "அம்பேல் சொல்லிட்டு தண்ணி குடிச்சிட்டு வா. உன் காயை நான் பாத்துக்கறேன்."